கீழ்ப்புள்ளி காணாமல் போனால்: சமஸ்கிருதத்தை ரோமனில் அச்சிட எந்த வழி யாருக்குச் சரி?

"வேர்டில் பார்க்கும்போது எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கோயமுத்தூர் பிரஸ்ஸில் புரூஃப் எடுத்தால் பாதி எழுத்து பெட்டி பெட்டியாக வருகிறது." குன்னூரில் டிடிபி கடை வைத்திருப்பவனுக்கு இந்தப் புகார் புதிதல்ல. கோத்தகிரிப் பக்கம் யோகா வகுப்பு நடத்துகிறவர்கள் பாடக் குறிப்பை அச்சுக்குக் கொடுக்கும்போது கேட்கிறார்கள். வெலிங்டனில் குடியேறிய ஓய்வுபெற்ற அதிகாரிகள் கீதைக்கு ஆங்கிலத்தில் உரை எழுதிக்கொண்டு வந்து கேட்கிறார்கள். வெளிநாட்டில் வளரும் பேரப்பிள்ளைகளும் படிக்கட்டும் என்று சகஸ்ரநாமத்தை ரோமன் எழுத்தில் போடச் சொல்லும் கோயில் கமிட்டிக்காரர்களும் கேட்கிறார்கள். ஊட்டி ஃபெர்ன்ஹில்லில் நடராஜ குரு 1923-ல் தொடங்கிய நாராயண குருகுலம் இருக்கிற மலை இது. மேலே மூல சுலோகம், அடுத்து ரோமன் வடிவம், கீழே ஆங்கில விளக்கம் என்ற அமைப்பில் புத்தகம் வேண்டும் என்பவர்களுக்கு இங்கே குறைவே இல்லை.

எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: இருக்கிற ஃபான்டையே ஒப்பேற்றலாமா, வேறு ஃபான்டுக்குப் போகலாமா, இல்லை ரோமனே வேண்டாமென்று தமிழ் எழுத்துக்கு வந்துவிடலாமா? என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கம் எப்படித் தெரிகிறது என்பதைவிட, உள்ளே இருக்கும் எழுத்து சரியான எழுத்தாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனாலும் ஒரு பக்க நோட்டீஸுக்கும் 300 பக்க நூலுக்கும் ஒரே சட்டம் போட முடியாது.

## முதலில் கோளாறு எது என்று பாருங்கள்

சமஸ்கிருதத்தை ரோமனில் எழுதப் பரவலாகப் புழங்குவது ஐஏஎஸ்டி முறை. 1894-ல் ஜெனீவாவில் கூடிய கீழைத்தேய அறிஞர்கள் மாநாட்டில் வகுத்ததன் வழியாக வந்தது. அதில் குறி போட்ட எழுத்துகள் 16. ஆ, ஈ, ஊ ஆகிய நெடில்களுக்கு மேல்கோடு, 'ஶ'வுக்குச் சாய்கோடு போட்ட எஸ், 'ஞ'வுக்கு அலைக்குறி போட்ட என் என்ற இந்த 5 மட்டும் ஐரோப்பிய மொழிகளிலும் உண்டு. லாட்விய, போலிய, ஸ்பானியக்காரர்கள் புண்ணியத்தில் பெரும்பாலான ஃபான்டுகளில் இவை இருந்துவிடும்.

சங்கடம் மிச்சமுள்ள 11-ல்தான். வல்லின ட-வும் அதன் மெல்லோசை வடிவமும், ண, ஷ, சமஸ்கிருதத்தில் உயிரெழுத்தாக வரும் ருʼ, ரூʼ, லுʼ, லூʼ, அனுஸ்வாரம் என்ற மூக்கொலி, விசர்க்கம் என்ற மூச்சொலி ஆகிய பத்துக்கும் கீழ்ப்புள்ளி, 'ங'வுக்கு மேற்புள்ளி. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் இவை 'லத்தீன் எக்ஸ்டெண்டட் அடிஷனல்' என்ற தனித் தொகுதியில் உட்கார்ந்திருக்கின்றன. யாராவது மெனக்கெட்டு வரைந்து சேர்த்தால்தான் ஒரு ஃபான்டில் இருக்கும்.

இதனால்தான் 'ஆத்மா' என்று அடித்துப் பார்த்து ஃபான்ட் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. ஆத்மாவில் இருப்பது மேல்கோடு மட்டும். எந்த ஃபான்டிலும் தேறிவிடும். 'கிருஷ்ண' என்று அடித்துப் பாருங்கள். ருʼ, ஷ, ண மூன்றுமே அந்தப் பதினொன்றைச் சேர்ந்தவை. 'வியட்நாமிய மொழிக்கும் ஏற்றது' என்று போட்டிருப்பதை நம்பியும் ஏமாற வேண்டாம். வியட்நாமிய எழுத்துகளும் அதே தொகுதியில்தான் இருக்கின்றன, ஆனால் அங்கே கீழ்ப்புள்ளி விழுவது உயிரெழுத்துகளுக்கு. நமக்கு வேண்டிய மெய்கள் அதில் வராது.

கோளாறு நாலு முகத்தில் வரும்.

பெட்டி வந்தால், எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, ஃபான்டில் வடிவம் இல்லை என்று பொருள். ஃபான்டை மாற்றினால் போதும். கேள்விக்குறி வந்தால் விஷயமே வேறு. யூனிகோட் தெரியாத மென்பொருளுக்குள் போய் எழுத்தே அழிந்துவிட்டது. இனி எந்த ஃபான்டைப் போட்டாலும் திரும்பாது. மூலக் கோப்பிலிருந்துதான் மறுபடி எடுக்க வேண்டும். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் இன்னும் ஓடுகிற பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளுக்குள் யூனிகோட் எழுத்தை ஒட்டும்போது நடப்பது இதுதான்.

கீழ்ப்புள்ளி எழுத்து மட்டும் சற்றுப் பருமனாகவோ வேறு சாயலிலோ தெரிந்தால், மென்பொருள் சொல்லாமல் கொள்ளாமல் வேறு ஃபான்டிலிருந்து கடன் வாங்கியிருக்கிறது. வேர்ட் இதில் கைதேர்ந்தது.

புள்ளி இருக்கிறது, ஆனால் வலப்பக்கம் நகர்ந்து அடுத்த எழுத்தின் காலில் விழுகிறது என்றால், அது ஒற்றை எழுத்து அல்ல. எஸ் தனி, புள்ளி தனி. வேர்டில் அந்த எழுத்தை அடுத்துக் கர்சரை வைத்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து முழுவதும் ஓர் எண்ணாக மாறினால் ஒற்றை எழுத்து. எஸ் அப்படியே நிற்க, பின்னால் 0323 என்று மட்டும் வந்தால் இரண்டு துண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போதுதான் ஒன்று அகப்பட்டு மற்றது நழுவும். ஒரே புத்தகத்தில் இரண்டும் கலந்திருந்தால் சொல்லடைவு போடுகிறவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

## எதை வைத்து எடை போடுவது

மலையில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இது: கோளாறு உங்கள் திரையிலேயே தெரியுமா, கீழே பிரஸ்ஸில் போய்த்தான் தெரியுமா? ஐப்பசி, கார்த்திகையில் கல்லாறு, பர்லியார் பக்கம் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் புரூஃப் கட்டு கோத்தகிரி சுற்றித்தான் வரும். பிளேட் போட்ட பிறகு தெரிகிற ஒரு புள்ளிப் பிழைக்கு ஒரு ஃபாரமே, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள் அத்தனையும், திரும்ப ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் தவறினால் தவறு கண்ணில் படும்படி தவறுகிற வழி, மறைந்து தவறுகிற வழியைவிட மேல்.

அடுத்தது, இந்த எழுத்து இன்னொரு முறை பயன்படுமா? இரண்டாம் பதிப்பு, மின்னூல், இணையதளம் என்று ஏதாவது ஒன்று வரும் வாய்ப்பிருந்தால் உள்ளே இருப்பது உண்மையான யூனிகோட் எழுத்தாக இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, சாய்வெழுத்து. சமஸ்கிருதச் சொற்களை ஆங்கில நூலில் சாய்வாகப் போடுவதுதான் வழக்கம். பல ஃபான்டுகளில் நேர் எழுத்தில் 16-ம் இருக்கும், சாய்வில் இருக்காது. நேர், சாய்வு, தடிமன், தடிமச் சாய்வு நாலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். இல்லாத சாய்வை மென்பொருள் தானாகச் சரித்துக் காட்டினால் புள்ளி எழுத்தின் அடியிலிருந்து விலகிப் போகும்.

உரிமம், பக்க எண்ணிக்கை, உங்களுக்குப் பிறகு கோப்பைக் கையாளப் போகிறவருக்கு என்ன தெரியும் என்பவை எல்லாம் அதற்கப்புறம்.

| வழி | தவறு எங்கே தெரியும் | மறைந்திருக்கும் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|
| பழைய 8-பிட் ஃபான்ட் | பிரஸ்ஸில் | பிறகு மாற்றும் வேலை | மாற்றமில்லாத மறுபதிப்பு |
| கையால் புள்ளி வைப்பது | திரையில், ஆனால் திருத்தும்போதெல்லாம் | ஒவ்வொரு திருத்தத்திலும் மறுவேலை | அட்டை, பேனர், ஒற்றைச் சொல் |
| 11-க்கு மட்டும் வேறு ஃபான்ட் | திரையில் | சாயல் பொருத்தம் தேடுவது | சமஸ்கிருதம் அங்கங்கே வரும் நூல் |
| முழு எழுத்துள்ள ஃபான்ட் | திரையில் | பக்கம் கூடுவது, வரி இடைவெளி | பெரும்பாலான நூல்கள் |
| ஃபான்டில் வரைந்து சேர்ப்பது | திரையில் | உரிமம், ஆள் | ஒரே ஃபான்டில் பல நூல் போடும் நிறுவனம் |
| தமிழ் எழுத்தில் மேலெண் (க², க³, க⁴) | திரையில் | 4-ன் வடிவம், வரிசை | தமிழ் வாசகருக்கான பாராயண நூல் |

## பழைய ஃபான்டையே தொடர்வது

பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்டும் அதன் கூட்டாளிகளும் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழை வரைந்து வைத்திருந்தது டிடிபிக்காரர்களுக்குத் தெரியும். சமஸ்கிருத ரோமனுக்கும் அதே தந்திரம்தான் நடந்தது. 256 இடமே உள்ள 8-பிட் ஃபான்டில் ஜெர்மானிய, பிரெஞ்சு எழுத்துகளின் இருக்கையில் கீழ்ப்புள்ளி எழுத்துகளை உட்கார வைத்தார்கள். ஃபான்ட் இருக்கும்வரை பக்கம் அழகாக இருக்கும். அது இல்லாத கணினியில் திறந்தால் கிருஷ்ணன் தலையில் வளையமும் இரட்டைப் புள்ளியும் முளைத்து நிற்பான்.

இருபது ஆண்டுக்கு முன் போட்ட சுலோகப் புத்தகத்தை விலையும் ஆண்டும் மட்டும் மாற்றி மறுபதிப்புப் போடுகிறீர்கள், பேஜ்மேக்கர் கோப்பும் ஃபான்டும் கையில் இருக்கின்றன என்றால் தாராளமாக இதிலேயே போங்கள். ஓடுகிறதைக் கலைக்க வேண்டியதில்லை. பிடிஎஃப்பில் ஃபான்டைப் பதித்து அனுப்பினால் போதும்.

உரையில் ஒரு அத்தியாயம் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புதிதாகத் தட்டச்சு செய்வதும் பழைய குறியீட்டில்தான் செய்ய வேண்டியிருக்கும். மாற்றும் நாள் தள்ளிப்போகப் போக மூட்டை கனக்கும். மாற்றும்போது ஒரு கண்ணி உண்டு. மாற்றி நிரல் இரட்டைப் புள்ளி யூவைக் கண்டால் எல்லாவற்றையும் மேல்கோட்டு ஊவாக மாற்றிவிடும். நூலில் ப்யூலர், பேட்லிங்க் போன்ற ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர்கள் பெயர் வந்தால், நியாயமாக இரட்டைப் புள்ளியோடு இருக்க வேண்டிய அவர்கள் பெயரும் சேர்ந்து கெடும். மாற்றுவதற்கு முன் ஐரோப்பியப் பெயர்களைத் தனியே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

## கையால் புள்ளி வைப்பது

ஃபான்டில் கீழ்ப்புள்ளி இல்லை. சரி, ஒரு முற்றுப்புள்ளியை எடுத்துக் கீழே இறக்கி, பின்னால் இழுத்து எழுத்தின் அடியில் ஒட்டிவிடலாம். கோரல் டிராவில் இது இரண்டு நிமிட வேலை. அட்டையில் அலங்கார எழுத்தில் 'விஷ்ணு' என்று ஒரு சொல், ஆண்டு விழா பேனரில் ஒரு வரி: இதற்கெல்லாம் இதுவே சிறந்த வழி, வேறு எதையும் தேட வேண்டாம். எழுத்தை வளைவாக, அதாவது வெறும் படக் கோடாக, மாற்றிவிட்டால் பிரஸ்ஸிலும் பிரச்சினை வராது.

உள் பக்கத்துக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். எழுத்தளவை 11-லிருந்து 10.5 ஆக்கினால் புள்ளி எல்லாம் அரை இம்மி நகரும். பிடிஎஃப்பில் தேடினால் விஷ்ணு கிடைக்காது. நடுவில் ஒரு முற்றுப்புள்ளி கிடக்கும். வரி உடையும் இடத்தில் புள்ளி மட்டும் அடுத்த வரிக்குப் போய் நிற்பதையும் பார்க்கலாம்.

## பதினொன்றுக்கு மட்டும் வேறு ஃபான்ட்

வேர்ட் திருட்டுத்தனமாகச் செய்வதை நாமே தெரிந்து, ஒழுங்காகச் செய்வது. இன்டிசைன் என்ற பக்க அமைப்பு மென்பொருளில் கிரெப் ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறது. இந்த 11 எழுத்து எங்கே வந்தாலும் இன்ன ஃபான்டைப் போடு, இத்தனை விழுக்காடு பெரிதாக்கு என்று ஒரு முறை எழுதி வைத்தால் நூல் முழுக்க அதுவே பார்த்துக்கொள்ளும். எழுத்து உண்மையான யூனிகோடாகவே இருப்பதால் பின்னால் எந்தச் சேதமும் இல்லை.

சாயல்தான் பிரச்சினை. பள்ளி வரிசையில் நாலு பிள்ளைகள் மட்டும் வண்ணச் சட்டையில் வந்து நிற்பதுபோல அந்த எழுத்துகள் துருத்தும். தேயிலைத் தோட்ட வரலாறு, பயண நூல் என்று பத்துப் பக்கத்துக்கு ஒரு சமஸ்கிருதச் சொல் வரும் புத்தகத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பக்கத்துக்கு இருபது சுலோக வரி இருந்தால் கண் உறுத்தும். ருʼ, ஷ, ண மூன்றும் வேறு ஃபான்டிலிருந்து வந்தால் 'கிருஷ்ண' என்ற சொல்லில் பாதிக்கு மேல் கடன் எழுத்து. அத்தகைய நூலுக்குச் சொல் முழுவதையும், ஏன் சுலோகம் முழுவதையுமே, அந்த மற்ற ஃபான்டில் வேறு ஸ்டைலாகப் போட்டுவிடுவது மேல். மூல வரிக்கு ஒரு முகம், விளக்கத்துக்கு ஒரு முகம் என்று அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

## முழு எழுத்துள்ள ஃபான்டுக்கு மாறுவது

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதைத்தான். ஜென்டியம், சாரிஸ் இரண்டும் எஸ்ஐஎல் என்ற மொழியியல் நிறுவனம் செய்த ஃபான்டுகள். இலவசம், திறந்த உரிமம், விற்பனைக்கான நூலிலும் போடலாம். ஐஐடி பம்பாயில் செய்த ஷோபிகாவில் தேவநாகரியும் குறியிட்ட ரோமனும் ஒரே குடும்பமாக இருப்பதால் மூலமும் ஒலிபெயர்ப்பும் அடுத்தடுத்து வரும் நூலுக்கு வசதி. பிரில் பதிப்பகத்தின் ஃபான்ட் பார்க்க ஜோராக இருக்கும். ஆனால் இலவசம் என்பது வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும். புத்தகத்துக்கு விலை போடுகிறவர்கள் உரிமத்தைப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

டைம்ஸ் நியூ ரோமனே போதாதா என்பார்கள். புதிய விண்டோஸோடு வருகிற டைம்ஸில் 16-ம் உண்டு. எக்ஸ்பி காலத்து டைம்ஸில் கீழ்ப்புள்ளி மெய்கள் கிடையாது. பெயர் ஒன்று, சரக்கு வேறு. நீங்கள் புதிய கணினியில் அடித்து, வேர்ட் கோப்பாகவே பிரஸ்ஸுக்கு அனுப்பி, அங்கே பழைய கணினியில் திறந்தால் ஃபான்ட் இல்லை என்ற எச்சரிக்கைகூட வராது. பெயர் பொருந்திவிடுகிறதே! முதல் பத்தியில் சொன்ன புகாரில் பாதி இந்த வகைதான்.

மாறுவதற்கும் விலை உண்டு. சாரிஸ் அகலமான எழுத்து. டைம்ஸில் 96 பக்கத்தில், அதாவது 16 பக்க ஃபாரம் ஆறில், கச்சிதமாக அடங்கிய நூல் சாரிஸுக்கு மாறினால் 96-ஐத் தாண்டிவிடும். நாலு பக்கம் கூடினாலும் தனியாக ஒரு துண்டு ஃபாரம் ஓட்ட வேண்டும், பைண்டிங்கிலும் கணக்கு மாறும். பக்கம் ஏறக் கூடாது என்றால் ஜென்டியம் பாருங்கள், அது அடக்கமான எழுத்து.

வரி இடைவெளியையும் கூட்ட வேண்டும். மேல் வரியில் ஷ-வின் கீழ்ப்புள்ளி, கீழ் வரியில் பெரிய ஆவின் மேல்கோடு: இரண்டும் நேருக்கு நேர் வந்தால் முட்டும். 11 புள்ளி எழுத்துக்கு 14-க்குக் குறைவாக வைப்பதில்லை என்பது என் வழக்கம்.

எந்த மென்பொருள் என்பதில் இன்டிசைன், லிப்ரே ஆபீஸ், ஸ்கிரைபஸ் எதிலும் ஒற்றை எழுத்துகள் சிக்கலில்லாமல் வரும். இன்டிசைனில் இல்லாத எழுத்துக்குக் குறுக்குக்கோட்டுப் பெட்டி விழும். கண்ணில் படும், நல்லது. தமிழும் கலந்த நூலென்றால் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்க அது வேண்டும். கணிதம் படித்த ஆசிரியர்கள் விரும்பும் ஜீலேடெக் என்ற மென்பொருள் பக்க அமைப்பில் அருமையானது. ரோமனில் எழுதிய சமஸ்கிருதத்தின் நெடுஞ்சொற்களை எங்கே உடைப்பது என்பதற்கான விதிகள்கூட அதற்கு உண்டு. ஆனால் சில ஃபான்டுகளில் எழுத்து இல்லாவிட்டால் அது பெட்டி காட்டாமல் வெற்றிடம் விட்டுவிட்டு, லாக் என்ற பதிவுக் கோப்பில் மட்டும் முனகும். அந்த லாக்கை யார் படிக்கிறார்கள்? ஓட்டி முடித்ததும் 'மிஸ்ஸிங் கேரக்டர்' என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

### தமிழ்ப் பெயரும் சேர்ந்து வந்தால்

இதை யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. ஐஏஎஸ்டியில் எல்லுக்குக் கீழ்ப்புள்ளி வைத்தால் அது லுʼ என்ற உயிர். தமிழ்ப் பெயர்களை ரோமனில் எழுதும்போது அதே எழுத்து 'ள'. ஆழ்வார் பாசுரத்தையும் உபநிடதத்தையும் ஒரே நூலில் மேற்கோள் காட்டினால் இரண்டும் மோதும். ஏ, ஓ நெடிலுக்கும் இதே கதைதான். சமஸ்கிருதத்தில் அவை எப்போதும் நெடில் என்பதால் ஐஏஎஸ்டி குறி போடுவதில்லை, தமிழுக்குக் குறில் நெடில் வேறுபாடு தேவை.

2001-ல் வந்த ஐஎஸ்ஓ 15919 முறை இதைத் தீர்த்து வைக்கிறது. ருʼ, லுʼ ஆகியவற்றுக்குப் புள்ளிக்குப் பதில் சிறு வளையம். ஏ, ஓ நெடிலுக்கு மேல்கோடு. இரு மொழி நூலுக்கு நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அந்த வளைய எழுத்துகள் யூனிகோடில் ஒற்றை எழுத்தாக இல்லை. ஆர் தனி, வளையம் தனி. வளையத்தைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் நங்கூரப் புள்ளிகள் ஃபான்டில் இருந்தாக வேண்டும். நெடில் ரூʼ என்றால் கீழே வளையம், மேலே கோடு, இரண்டையும் தாங்க வேண்டும். இங்கேதான் சாதாரண ஃபான்டுகள் கழன்றுகொள்ளும், ஜென்டியமும் சாரிஸும் நிற்கும்.

நீலகிரி மொழிகளை அச்சிடுகிறவர்களுக்கும் இதே நிபந்தனைதான். சமஸ்கிருத அறிஞராக வந்து 1930-களின் பின்பாதியில் இங்கே தோடர், கோத்தர் மொழிகளைப் பதிவு செய்த மரே எமனோ, அவற்றின் ஒலிகளைக் குறிக்கப் புள்ளி, அடிக்கோடு, இரட்டைப் புள்ளி என்று பலவற்றைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. அவர் பதிவிலிருந்து நாலு வரி மேற்கோள் காட்ட நினைத்தால் ஐஏஎஸ்டி மட்டும் தெரிந்த ஃபான்ட் காணாது.

## ஃபான்டிலேயே எழுத்தை வரைந்து சேர்ப்பது

ஃபான்ட்ஃபோர்ஜ் இலவச மென்பொருள். அடிப்படை எழுத்தும் புள்ளியும் இருந்தால் சேர்த்துக் கட்டிக்கொடுக்கும். கேட்க எளிது. 11 எழுத்து, சிறியதும் பெரியதுமாக 22, நாலு வகைக்கும் சேர்த்து 88. ஒவ்வொன்றிலும் புள்ளி தண்டுக்கு நேரா, வளைவின் நடுவிலா என்று கண்ணால் பார்த்து வைக்க வேண்டும். சாய்வில் இன்னும் நுணுக்கம். பக்கத்து எழுத்தோடு இடைவெளி பொருத்துவது தனி.

வேலையைவிட உரிமம்தான் தடை. விலைக்கு வாங்கிய ஃபான்டுகள் பலவற்றில் மாற்றியமைக்க அனுமதி கிடையாது. திறந்த உரிம ஃபான்டில் மாற்றலாம், ஆனால் பெயர் ஒதுக்கப்பட்டிருந்தால் உங்கள் வடிவத்துக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். அது நல்லதுதான், டைம்ஸ் கதைபோல ஒரே பெயரில் இரண்டு சரக்கு உலவாது. ஆண்டுக்கு நாலைந்து நூலை ஒரே முகத்தில் கொண்டுவரும் ஆசிரமம், குருகுலம் போன்றவற்றுக்கு மட்டும் இந்தச் செலவு தகும். ஒற்றை நூல் ஆசிரியர்களை நான் இந்தப் பக்கம் விடுவதில்லை.

## ரோமனை விட்டுத் தமிழ் எழுத்துக்கு வருவது

வாசகர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் "நம்ம ஊர்க்காரங்கதான்" என்பார்கள். அப்புறம் எதற்கு ரோமன்? சமஸ்கிருதத்தின் நாலு க-வையும் பிரித்துக் காட்ட க, க², க³, க⁴ என்று மேலெண் போட்ட தமிழ் எழுத்து பாராயணம் செய்கிறவர்களுக்குக் கைப்பழக்கம். ஊட்டியிலோ அருவங்காட்டிலோ வெள்ளிக்கிழமை லலிதா சகஸ்ரநாமம் சொல்லும் மாமிகளிடம் ரோமன் புத்தகத்தைக் கொடுத்தால் ஓரமாக வைத்துவிட்டு மேலெண் புத்தகத்தைத்தான் எடுப்பார்கள்.

ஃபான்ட் சிக்கல் இங்கேயும் விடாது. மேலெண் ²-ம் ³-ம் யூனிகோடில் ஓரிடத்தில் இருக்கின்றன, ⁴ வேறொரு தொகுதியில். சில தமிழ் ஃபான்டில் முதல் இரண்டு இருந்து மூன்றாவது இல்லாமல் போகும். ப², ப³ சிறிதாக உயரத்தில் நிற்க, ப⁴ மட்டும் வேறு தடிமனில், சற்று இறங்கி நிற்கும். 'ப⁴க்தி' என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் உடனே தெரியும். சாதாரண 4-ஐ அடித்து மேலேற்றும் ஸ்டைல் கொடுத்தால் மூன்றும் ஒரே அளவில் வரும், அழகு. ஆனால் இணையத்துக்கு நகலெடுத்தால் 'ப4க்தி' என்று விழும். அச்சு மட்டும்தான் என்றால் ஸ்டைல் போதும். மின்னூலும் உண்டென்றால் மூன்று மேலெண்ணும் உள்ள ஃபான்டைத் தேடிப் பிடியுங்கள்.

அடிக்கும் வரிசையும் முக்கியம். எண் உயிர்மெய்க் குறிக்குப் பிறகு வர வேண்டும்: பா⁴, கோ³. மெய்க்கும் குறிக்கும் நடுவே எண் புகுந்தால் கால் தனியே பிரிந்து புள்ளி வட்டத்தில் தொங்கும். 'ஶ' யூனிகோடில் சேர்ந்ததே 2005-ல் என்பதால் அதற்கு முந்தைய ஃபான்டில் இருக்காது. ருத்ரம், சமகம் போன்ற வேத மந்திரங்களில் ஓதும் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் ஸ்வரக் குறியும் வேண்டியிருந்தால் மேலெண்ணும் ஸ்வரக் கோடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்து 2014 முதல் யூனிகோடில் இருக்கிறது, நோட்டோ ஃபான்டும் கிடைக்கிறது. படிக்கிறவர்கள்தான் குறைவு. தேவநாகரி மூலம் கையில் இருந்தால் அக்ஷரமுகா கருவி அதை ரோமனாகவும் மேலெண் தமிழாகவும் மாற்றித் தரும். இரண்டு வடிவத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

## பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன்

எந்த வழியில் போனாலும் இந்தப் பகுதி பொது. முதலில் எழுத்துகளை ஒற்றை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பேபல்பேட் என்ற இலவச மென்பொருளில் மொத்தக் கோப்பையும் ஒரே கட்டளையில் செய்துவிடலாம். பிறகு ஒரு சோதனை வரி: கிருஷ்ண, சங்கர, ஞான, பிண்ட, பீட, க்லுʼப்த, பித்ரூʼன், துக்க, சம்ஸ்காரம், பூஜா. லூʼவைத் தவிர 15-ம் இதில் வந்துவிடும். லூʼ வரும் சொல் நடைமுறையில் கிடையாது. தமிழ்ப் பெயர் உள்ள நூலென்றால் பழனி, வள்ளி, ஆறுமுகம் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதை நாலு வகை எழுத்திலும், சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் அச்சிட்டுப் பாருங்கள்.

பிடிஎஃப்பில் எல்லா ஃபான்டும் பதிந்திருக்கிறதா என்பதை ஆவணப் பண்புகளில் பார்க்கலாம். அங்கே பெயர் இருந்தாலும் ஒரு கேள்வியைப் பிரஸ்ஸில் கேட்டுவிட வேண்டும்: பக்கம் கோப்பதற்குப் பிடிஎஃப்பை அப்படியே எடுப்பீர்களா, கோரல் டிராவில் திறப்பீர்களா? கோரலில் எழுத்தாகத் திறந்தால் பதித்த ஃபான்ட் போய் அந்தக் கணினியில் இருக்கிற ஃபான்ட் வந்து உட்காரும். "கோரலில்தான் திறப்போம்" என்று சொன்னால் எல்லா எழுத்தையும் வளைவாக மாற்றிய தனிப் பிடிஎஃப் ஒன்று கொடுங்கள். சிறிய எழுத்து அச்சில் ஒரு மயிரிழை தடித்துத் தெரியலாம், அங்கேயே பிழை திருத்தவும் முடியாது. ஆனால் புள்ளி எங்கும் போகாது. எழுத்தாகவே உள்ள மூலக் கோப்பையும், பயன்படுத்திய ஃபான்ட் கோப்புகளையும், உரிமத்தோடு ஒரே ஃபோல்டரில் போட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்கு வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.